லோன் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்கலாம்

லோனுக்கு விண்ணப்பித்து நான்கைந்து நாளில் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது: "எங்கள் உள் விதிமுறைகளின்படி தங்கள் விண்ணப்பத்தைத் தற்போது ஏற்க இயலவில்லை." அவ்வளவுதான். கிளைக்குப் போய்க் கேட்டால் "சிபில் சரியில்லை சார், சிஸ்டமே ரிஜெக்ட் பண்ணிடுச்சு" என்பார்கள். சிபிலில் எது சரியில்லை, எந்தக் கடன், எந்த மாதம் என்று துருவினால் அந்த ஊழியருக்கே தெரியாது, திரையில் என்ன வந்ததோ அதைத்தான் அவர் படித்துச் சொல்கிறார். நம்மில் பெரும்பாலானோர் இந்த இடத்தில் எழுந்து வந்துவிடுகிறோம். கடன் கேட்கப் போனவர் காரணம் வேறு கேட்பதா என்கிற கூச்சம் ஒரு பக்கம், கேட்டால் மட்டும் சொல்லிவிடவா போகிறார்கள் என்கிற அலுப்பு இன்னொரு பக்கம்.

ஆனால் இந்தியச் சட்டம் இந்த இடத்தில் கடன் கேட்டவருக்குச் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. உங்களைப் பற்றிய கடன் தகவலை நீங்கள் பார்க்கலாம், அதில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம், கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். முதல் இரண்டும் இன்றைக்கு ஓரளவு நன்றாகவே நடக்கின்றன. மூன்றாவது ரொம்ப நாளாகவே விதியில் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை என்பதால் தூங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த மூன்றாவதற்காகத்தான், ஆனால் முதலிரண்டைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே போக முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "சிபில் லோன் தரவில்லை" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். சிபில் யாருக்கும் லோன் தருவதுமில்லை, மறுப்பதுமில்லை. அது தகவல் சேர்த்து வைக்கிற ஒரு தனியார் நிறுவனம், இன்றைய முழுப்பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். அதேபோல ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று இயங்குகின்றன. ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் நாலு நிறுவனங்களிலும் உறுப்பினராக இருந்து, வாடிக்கையாளர்களின் கடன் விவரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது நடக்கவேண்டும் என்று விதி வந்தது. வேறொரு வங்கிக்கு நீங்கள் கடனுக்குப் போனால், அந்த வங்கி இவற்றில் ஒன்றிடம் உங்கள் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கிறது. பார்த்துவிட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வங்கிதான். ஆகவே "ஏன்" என்ற கேள்வியைக் கேட்கவேண்டிய இடமும் வங்கிதான், சிபில் இல்லை. ரிப்போர்ட்டில் உங்களுக்குப் போடுகிற ஸ்கோர் இத்தனை மார்க்குக்குக் கீழே இருந்தால் கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கியும் எங்கேயும் சொல்லவில்லை. 750, 700 என்பதெல்லாம் அந்தந்த வங்கி தனக்குத் தானே போட்டுக்கொண்ட கோடு.

இதற்கெல்லாம் அடிப்படை 2005-இல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். பெயர் நீளம், ஆனால் நமக்கு வேண்டியது முக்கியமாக அதன் 21-ஆவது பிரிவு. கடனுக்கு விண்ணப்பித்த எவரும், வங்கி தன்னைப் பற்றி வாங்கிய கடன் தகவலின் நகலை அந்த வங்கியிடமே கேட்கலாம், சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு வங்கி அதைக் கொடுத்தாகவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. தகவல் பழையதாகவோ தவறாகவோ இருந்தால் திருத்தச் சொல்லலாம், கேட்ட முப்பது நாளுக்குள் செய்யவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

சரி, ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

2017 ஜனவரி முதல், நாலு நிறுவனங்களும் ஆளுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வருடம் என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதாவது ஒருவருக்கு வருடத்துக்கு நாலு இலவச ரிப்போர்ட். மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டால் வருடம் முழுக்கக் காசில்லாமல் ஒரு கண் வைத்திருக்கலாம். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, மொபைலுக்கு வரும் ஓடிபி கொடுத்தால் வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பக்கங்களில் பளிச்சென்று தெரிகிற பொத்தான் பெரும்பாலும் மாதச் சந்தா, வருடச் சந்தாவுக்கானது. இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பை எளிதில் கண்ணில் படுகிற மாதிரி வைக்கவேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி தனியாகச் சொல்லவேண்டி வந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுமையாகத் தேடுங்கள், இருக்கிறது.

தானே பார்த்தால் ஸ்கோர் குறைந்துவிடும் என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. குறையாது. கடனுக்காக ஒரு வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுப்பதைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். குறுகிய காலத்தில் ஐந்தாறு இடத்தில் விண்ணப்பித்தால் ஐந்தாறு பேர் எடுப்பார்கள், இவர் பணத்துக்குத் தவிக்கிறார் போலிருக்கிறது என்று அடுத்தவருக்குத் தோன்றும். ஏஜெண்ட் ஒருவரிடம் ஆவணங்களைக் கொடுத்துவிட்டு "எங்கே கிடைச்சாலும் பாருங்க" என்று விட்டால் நடப்பதும் இதுதான்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லோரும் மேலே இருக்கிற மூன்றிலக்க எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதுதான் ஸ்கோர், 300-க்கும் 900-க்கும் நடுவில் ஒரு எண். அதைப் பார்த்து ஒரு பயனும் இல்லை, விஷயம் எல்லாம் கீழே இருக்கிறது.

பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, போன் எண்கள் முதலில் வரும். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், நம் ஊரில் தகராறு பாதி இங்கேதான் தொடங்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஓர் ஆவணத்தில் எஸ். முருகன், பான் அட்டையில் அப்பா பெயரையும் விரித்து முருகன் சுப்பிரமணியன், பழைய பைக் லோன் பத்திரத்தில் வெறும் முருகன். பெயர், பிறந்த தேதி, பான், முகவரி இவற்றையெல்லாம் ஒப்பிட்டுத்தான் இந்த நிறுவனங்கள் ஒரு கடனை ஒரு ஆளோடு சேர்க்கின்றன. பான் இல்லாமல் கொடுத்த பழைய கடனாக இருந்து, அதே பெயரில் அதே ஊரில் இன்னொருவரும் இருந்துவிட்டால், அவர் கட்டாத கடன் உங்கள் பெயரில் வந்து உட்கார வாய்ப்பிருக்கிறது. எப்போதுமே குடியிருக்காத முகவரியோ, உங்களுடையதில்லாத போன் எண்ணோ இந்தப் பகுதியில் தெரிந்தால், கீழே நீங்கள் வாங்காத கடன் ஒன்று இருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள்.

அடுத்தது கணக்குகள். வீட்டுக்கடன், நகைக்கடன், கிரெடிட் கார்டு, மகளிர் குழுவில் வாங்கிய மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், போன் வாங்க எடுத்த இஎம்ஐ, மொபைல் செயலியில் எடுத்த மூவாயிரம் ரூபாய் என்று எல்லாம் தனித்தனிக் கணக்காக வரும். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் வரும், அங்கே உங்களை ஜாமீன்தாரர் என்று குறித்திருப்பார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதவாரியாக ஒரு கட்டம் இருக்கும், கடைசி முப்பத்தாறு மாதம் வரை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி. ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள். அது டிபிடி, தவணை நாள் கடந்து எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்ற கணக்கு. 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். மூன்று எக்ஸ் போட்டிருந்தால் அந்த மாதத் தகவலை வங்கி கொடுக்கவில்லை என்று அர்த்தம், அது தப்பு இல்லை. தொண்ணூறு நாளைத் தாண்டினால் வாராக்கடன் வகைக்குப் போய்விடும். வங்கிக்காரர் உங்கள் ரிப்போர்ட்டில் நிஜமாகவே பார்ப்பது இந்தக் கட்டங்களைத்தான்.

இன்னொரு இடம் கணக்கின் நிலை. "செட்டில்டு" என்ற சொல் அங்கே இருந்தால் பலர் மகிழ்ந்துபோகிறார்கள், செட்டில் பண்ணியாச்சே என்று. வங்கியின் அகராதியில் அதற்கு வேறு பொருள்: வரவேண்டியது முழுசாக வரவில்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். வசூலுக்கு வருகிறவர் "அறுபதாயிரம் பாக்கி, இருபத்தைந்து கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று சொல்லும்போது இதைச் சொல்லமாட்டார். விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, நிலையை "குளோஸ்டு" என்று மாற்றச் சொன்னால்தான் அந்தக் கறை போகும். "ரிட்டன் ஆஃப்" என்று இருந்தால் இன்னும் மோசம், அது கணக்கில் நஷ்டமாக எழுதிய கடன், ஆனால் நீங்கள் கட்டவேண்டியது அப்படியே இருக்கிறது.

கடைசியில் விசாரணைப் பகுதி வரும். யார், எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்கு உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தார்கள் என்ற பட்டியல். நீங்கள் போகாத நிறுவனத்தின் பெயர் இங்கே இருந்தால் யாரோ உங்கள் பான் எண்ணை வைத்து விளையாடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். இப்போதெல்லாம் உங்கள் ரிப்போர்ட்டை ஒருவர் எடுத்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வரவேண்டும், அதுவும் 2023 உத்தரவில் வந்ததுதான். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

தப்பு இருந்தால் என்ன செய்வது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். செல்வி என்று ஒருவர் ஸ்கூட்டருக்குக் கடன் வாங்கி எல்லாத் தவணையும் கட்டி முடித்துவிட்டார். நடுவில் ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போனதற்கு 590 ரூபாய் அபராதம் போட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கடனுக்குப் போனால், ரிப்போர்ட்டில் ஸ்கூட்டர் கணக்கு மூடப்படாமல் 590 பாக்கி, டிபிடி எழுநூற்றுச் சொச்சம். இது கற்பனை ஆள்தான், ஆனால் இப்படிச் சில்லறைப் பாக்கி பெரிய எண்ணாக வளர்ந்து நிற்பது எங்கும் கேட்கிற கதை.

செல்வி இரண்டு இடத்தில் புகார் கொடுக்கலாம், கடன் கொடுத்த நிறுவனத்திடமும் கடன் தகவல் நிறுவனத்திடமும். என் யோசனை இரண்டிலும் ஒரே நாளில் கொடுப்பது. ஏனென்றால் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது, கடன் கொடுத்தவரிடம் கேட்டு அவர் சரி என்றால்தான் மாற்றும். பாக்கி நிஜமாகவே இருந்தால் அதைக் கட்டி ரசீதை இணைக்கவேண்டும், அபராதமே தப்பு என்றால் அதை வங்கிக் கணக்கு விவரத்தோடு காட்டவேண்டும். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும், நாள் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். கடன் கொடுத்தவருக்கு இருபத்தொரு நாள், மொத்தமாகச் சேர்த்து முப்பது நாள். 2024 ஏப்ரல் 26 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, அதைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரவேண்டும். மார்ச் 1-இல் புகார் கொடுத்து ஏப்ரல் 20-இல்தான் சரியானது என்றால், மார்ச் 31 வரை அவர்கள் நேரம், அப்புறம் இருபது நாள், ஆக 2,000 ரூபாய். இருபத்தொரு நாளுக்குள் கடன் கொடுத்தவர் திருத்தம் அனுப்பவில்லை என்றால் அவர் தரவேண்டும், அவர் அனுப்பியும் தகவல் நிறுவனம் இழுத்தடித்தால் அது தரவேண்டும். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் பணம் உங்கள் கணக்கில் விழவேண்டும். திருத்த முடியாது என்று மறுத்தால் அதற்கும் காரணம் சொல்லியாகவேண்டும்.

தொகை சின்னதுதான். ஆனால் இந்த விதி வந்த பிறகு புகார் என்பது நாள் ஏற ஏறக் காசு ஏறுகிற விஷயமாகிவிட்டது. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். "சிபில் ஸ்கோர் உயர்த்தித் தரப்படும்" என்று சுவரொட்டியும் வாட்ஸ்அப் செய்தியுமாகச் சுற்றுகிறவர்கள் செய்வது, நல்லபடியாகச் செய்தால், மேலே சொன்ன அதே இலவசப் புகாரைத்தான். அதற்கு ஐயாயிரம், பத்தாயிரம் வாங்குகிறார்கள். உண்மையாகக் கட்டாமல் விட்ட கடனை எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது. உங்கள் ஓடிபியைக் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருவோம்

2003-இல் ரிசர்வ் வங்கி கடன் கொடுப்பவர்களுக்கு ஒரு நியாய நடைமுறைக் கோவை கொண்டுவந்தது. விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணங்களை எழுத்தில் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று. முதலில் இது இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான சிறு கடன்களுக்கு மட்டும் இருந்தது. 2007 மார்ச்சில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்: எந்தக் கடன், எவ்வளவு தொகை என்றில்லாமல், கிரெடிட் கார்டு விண்ணப்பம் உட்பட எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றார்கள். இதற்கு நடுவே 2006-இல் கடன் தகவல் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறைகளில் இன்னொரு விஷயம் சேர்ந்தது: கடன் தகவல் அறிக்கையை வைத்து ஒருவருக்குக் கடன் மறுத்தால், முப்பது நாளுக்குள் எழுத்தில் மறுப்புக் கடிதம் அனுப்பவேண்டும், அதில் குறிப்பான காரணங்கள் இருக்கவேண்டும், எந்தத் தகவல் நிறுவனத்தின் அறிக்கை என்று பெயரும் முகவரியும் இருக்கவேண்டும், அறிக்கையின் நகலும் கூட வரவேண்டும். இந்தச் சுற்றறிக்கைகளை ரிசர்வ் வங்கி அவ்வப்போது பெரிய தொகுப்பு வழிகாட்டுதல்களுக்குள் போட்டுவிடும், ஆகவே எண்ணைத் தேடி மெனக்கெட வேண்டாம், நம் கடிதத்துக்குச் சட்டத்தின் பெயரும் பிரிவும் போதும்.

படித்தால் "அட, இவ்வளவு இருக்கிறதா" என்று தோன்றும். நடைமுறையில் வருவது அந்த ஒற்றை வரி எஸ்எம்எஸ். "உள் விதிமுறை" என்பது காரணம் ஆகாது என்பது என் கருத்து, அந்த விதிமுறையில் எந்த இடத்தில் நாம் தவறினோம் என்பதுதான் காரணம். "மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இஎம்ஐயாகப் போகிறது" என்றால் காரணம். "2023-இல் இன்ன கார்டு கணக்கு செட்டில்டு என்று இருக்கிறது" என்றால் காரணம். "வீட்டு மனைக்கு அங்கீகாரம் இல்லை" என்றால் காரணம், இதில் சிபிலுக்குச் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கிளையில் வாய்க்கு வந்தபடி சிபில் என்று சொல்லியிருப்பார்கள். இப்படித் தெரிந்தால் ஒருவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கார்டு பாக்கியைத் தீர்ப்பதா, மனைக்கு அங்கீகாரம் வாங்குவதா, இல்லை கடன் தொகையைக் குறைத்துக் கேட்பதா. காரணம் தெரியாமல் அடுத்த வங்கிக்கு ஓடினால் அங்கேயும் அதே மறுப்பும் ரிப்போர்ட்டில் இன்னொரு விசாரணையும்தான் மிச்சம்.

ஆகவே வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். கிளை மேலாளருக்கு மின்னஞ்சல், நகல் வங்கியின் குறைதீர்ப்பு முகவரிக்கு. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, இன்ன தேதியில் தங்கள் கிளையில் இத்தனை ரூபாய் வீட்டுக்கடன் கேட்டு விண்ணப்பித்தேன், விண்ணப்ப எண் இது. இன்ன தேதியில் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நிராகரிப்புக்கான முக்கியக் காரணங்களை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கடன் தகவல் அறிக்கையின் அடிப்படையில் மறுக்கப்பட்டிருந்தால், அதில் உள்ள எந்தப் பதிவு காரணம் என்பதையும், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்பதையும் குறிப்பிட்டு, 2005-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி அந்த அறிக்கையின் நகலையும் வழங்க வேண்டுகிறேன்."

கோபம், கெஞ்சல், குடும்பக் கஷ்டம் எதுவும் வேண்டாம். "எந்தப் பதிவு" என்ற இரண்டு சொல்தான் இந்தக் கடிதத்தின் முதுகெலும்பு, "சிபில் சரியில்லை" என்று பதில் எழுதிவிட்டுப் போக அது விடாது. நகலைக் கேட்பதற்கும் ஒரு நோக்கம் உண்டு. நீங்கள் சிபிலில் எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், வங்கி எக்ஸ்பீரியனிலோ ஹை மார்க்கிலோ பார்த்திருக்கும், தப்பு அங்கே இருக்கும். நாலு நிறுவனத்திலும் ஒரே தகவல் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

இந்த உரிமை எதைத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்டால் கடன் கிடைத்துவிடாது. யாருக்குக் கடன் கொடுப்பது என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் ரிசர்வ் வங்கியே சாதாரணமாகத் தலையிடுவதில்லை.

ஆனால் ஒரு காரணத்தை மட்டும் வங்கி தனியாகச் சொல்லக்கூடாது: இதற்கு முன் கடனே வாங்கியதில்லை என்பது. முதல்முறை கடன் கேட்கிறவரின் விண்ணப்பத்தைக் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடக்கூடாது என்று 2025 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில் இருக்கிறது, அதே ஆண்டு நாடாளுமன்றத்திலும் நிதி அமைச்சகம் இதைச் சொன்னது. "மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள், வருமானம் போதவில்லை என்று மறுக்கலாம். ஸ்கோர் இடத்தில் மைனஸ் ஒன்று என்று வந்தால் அது மோசமான மார்க் இல்லை, பரிட்சையே எழுதவில்லை என்பதுதான். கல்விக்கடன் கேட்கிற மாணவர்கள் விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் இன்னும் ஒரு படி மேலே போய், மாணவரின் ஸ்கோர் குறைவாக இருக்கிறது என்பதற்காகவே கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்றது. அது அந்த வழக்கின் தீர்ப்பு, எல்லா இடத்திலும் தானாக ஓடிவந்து உதவாது, ஆனால் கடிதத்தில் குறிப்பிடலாம்.

எதிர்த்திசையிலும் தீர்ப்பு உண்டு. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை மோசமான கடன் வரலாற்றைக் காட்டி வங்கி ரத்து செய்தது சரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது. கடனே கேட்காதவருக்கும் இந்த ரிப்போர்ட் வேலை வைக்கும் காலம் இது. அதே 2025-இல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்ப்பார்களாம் என்ற பேச்சு கிளம்பியதும் தமிழ்நாட்டு விவசாயிகள் கொதித்தெழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் அந்த ஸ்கோர். "என் ஸ்கோர் ஏன் 684, ஏன் 720 இல்லை?" என்று கேட்டால்? இந்தியாவில் இதற்குப் பதில் வாங்குகிற வழி பலவீனமானது. தவணை தவறாமை, கார்டு வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறீர்கள், கணக்குகளின் வயது, விசாரணைகளின் எண்ணிக்கை என்று பொதுவாகச் சொல்வார்கள், உங்கள் எண்ணுக்கான கணக்கைக் காட்டமாட்டார்கள். மேலே சொன்ன 100 ரூபாய் இழப்பீட்டு விதியும், ஸ்கோர் கணக்கிடும் முறை பற்றிய புகார்களைத் தெளிவாக வெளியே தள்ளிவிட்டது. தகவல் தப்பு என்று சண்டை போடலாம், அதிலிருந்து எண் எப்படி வந்தது என்று சண்டை போட முடியாது.

ஐரோப்பாவில் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஷூஃபா என்ற நிறுவனம் நம்ம ஊர் சிபில் போல. அது கொடுக்கிற ஸ்கோரை வங்கி பெரும்பாலும் அப்படியே பின்பற்றுகிறது என்றால், அந்த ஸ்கோர் போடுவதே ஒரு தானியங்கி முடிவுதான் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த வழக்கு இன்னும் சுவாரசியம். மாதம் பத்து யூரோ கட்டணம் உள்ள ஒரு மொபைல் இணைப்பை ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது, அவர் நிதிநிலை போதாது என்று கணினி மறுத்துவிட்டது. ஏன் என்று அவர் விடாமல் கேட்டு நீதிமன்றம் வரை போனார். உங்கள் எந்தத் தகவலை எப்படிப் பயன்படுத்தி இந்த முடிவுக்கு வந்தோம் என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி விளக்கவேண்டும், சூத்திரத்தை அச்சடித்துக் கொடுப்பது விளக்கம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. வணிக ரகசியம் என்று நிறுவனம் சொன்னால் அதை நீதிமன்றத்திடமோ கண்காணிப்பு அமைப்பிடமோ காட்டவேண்டும், அவர்கள் எடைபோட்டுச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1970-களிலிருந்தே கடன் மறுத்தால் குறிப்பான காரணம் சொல்லவேண்டும் என்று சட்டம், அல்காரிதம் சிக்கலானது என்பதெல்லாம் சாக்கு ஆகாது என்று அங்குள்ள நுகர்வோர் நிதி அமைப்பு 2022-இல் தெளிவாக்கியது. "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு" என்பதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதில் இந்த நாடுகள் எல்லாம் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. நம் 2006 விதியில் உள்ள "குறிப்பான காரணங்கள்" என்ற சொற்களை நேராகப் படித்தால் நாமும் அந்தப் பக்கம்தான்.

வங்கி பதிலே போடவில்லை என்றால்? எழுத்தில் கொடுத்த புகாருக்கு முப்பது நாள் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். சிஎம்எஸ் என்ற அவர்களின் இணையதளத்தில் இலவசமாகப் புகார் பதியலாம், வக்கீல் வேண்டாம், சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து சிபில் உள்ளிட்ட நாலு தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கேயே புகார் கொடுக்கலாம். ரொம்ப நாள் ஆறப்போட்டுவிட்டுப் போனால் எடுக்கமாட்டார்கள்.

அங்கே புகார் எழுதும்போது நிறையப் பேர் "எனக்கு லோன் தரவில்லை" என்று தொடங்குகிறார்கள். அது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லி முதல் படியிலேயே மூடிவிட வாய்ப்பு அதிகம். "நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு இன்ன தேதியில் கடிதம் கொடுத்தேன், முப்பது நாள் கடந்தும் பதில் இல்லை, அறிக்கையின் நகலும் தரவில்லை" என்று எழுதி, கடிதத்தின் நகலையும் அந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். அப்போது அது சேவைக் குறைபாடு, அதற்கு வங்கி பதில் சொல்லியாகவேண்டும்.